பசை தடவிய பக்கம்

பேப்பர் அக்கா யாரையும் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "உங்க முழுப்பேரு என்னாங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். பஸ் கண்டக்டர், கோயில் பூசாரி, கச்சான் கடலை விற்கிற கிழவர், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற காவலாளி, எவரும் தப்ப முடியாது. "ராஜு" என்று சொல்லிவிட்டு நழுவப் பார்த்தால் விட மாட்டார். "ராஜுன்னா? நடராஜாவா, செல்வராஜாவா, யோகராஜாவா? அப்பா பேரு?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போவார். கேட்டதற்கு ஒரு காரணமும் இருக்காது. அந்த மனிதர் செய்தியில் வரப்போகிறவரும் இல்லை. தெரிந்துகொள்ளாமல் போக அவரால் முடியாது, அவ்வளவுதான்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்தில் நான் கொமியூனிகேஷன் நடத்துகிறேன். போட்டோக் கொப்பி, தமிழ் டைப்பிங், ஈமெயில், போன் ரீலோட். முதல் தடவை அவர் வந்த அன்று நல்ல மழை. நீல மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் ஒழுக உள்ளே வந்து, என் ஸ்டூலில் உரிமையோடு உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, கணுக்காலில் இருந்த அட்டையைப் பிடுங்கி வெளியே எறிந்தார். பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தார்.

"தமிழ் டைப் அடிப்பீங்களா?"

"அடிப்பேன்."

"உங்க முழுப்பேரு?"

"டைப் அடிக்கறதுக்கு எம்பேரு எதுக்குங்க?"

"நாளைக்கு நீங்க இல்லாத நேரத்துல வந்தா யாருன்னு கேக்கறது? கொப்பி கடைக்காரம்மான்னா?"

தங்கவேல் புஷ்பராணி என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னை அப்படியே கூப்பிட்டார். "தங்கவேல் புஷ்பராணி, ஒரு பிளேன்டீ கெடைக்குமா?" என்பார். என் அம்மா கூட ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் இடாப்பு வாசிக்கிறபோது கேட்டதோடு சரி. எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அப்படிக் கூப்பிடுகிறபோது நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததும் உண்மைதான்.

வேடிக்கை என்னவென்றால் அவருடைய பெயர் ஹட்டனில் பாதிப் பேருக்குத் தெரியாது. கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்புகிறவர், அதனால் பேப்பர் அக்கா. பத்திரிகையும் அவர் பெயரைப் போட்டதில்லை. செய்திக்குக் கீழே "ஹட்டன் நிருபர்" என்று இருக்கும். அதைக் கேட்டால், "என் பேரு எதுக்கு? எனக்கா கொளவி கொட்டுச்சு?" என்பார். அதனால் நானும் இங்கே எழுதவில்லை.

குளவி என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற மலையில் குளவி கலைந்து எட்டுப் பெண்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அக்கா வந்து சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். எட்டுப் பேரின் பெயர், தகப்பன் பெயர், வயது, எந்த டிவிசன், எல்லாம். எனக்குக் கை வலித்தது.

"ஏங்க்கா, இம்புட்டையும் போடுவாங்களா? எட்டுப் பேருன்னு போட்டா முடிஞ்சு போச்சுல்ல?"

"எட்டுப் பேருன்னு போட்டா யாரு அழுவாங்க, தங்கவேல் புஷ்பராணி? எண்ணிக்கைக்கு யாரும் அழ மாட்டாங்க. பேருக்குத்தான் அழுவாங்க."

மறுநாள் பத்திரிகையில் "தோட்டத் தொழிலாளர் எண்மர்" என்றுதான் வந்தது. என் கடையிலிருந்தே கொழும்புக்குப் போன் போட்டார். செய்தி ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்தான். "பிள்ளை, இடம் காணாது. எட்டுப் பேரின்ர பேரையும் போட்டா விளம்பரத்தை எங்க கொண்டுபோய்ப் போடுறது?" என்றார்.

"அப்ப அந்த வெளம்பரத்துல உள்ள கம்பெனி பேர எடுத்துட்டு 'ஒரு கம்பெனி'ன்னு போடுங்க ஐயா. எடம் மிச்சமாகும்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு பொடி எழுத்திலாவது பெயர்கள் வரத் தொடங்கின.

டிவிசன் என்கிற தோட்டப் பிரிவின் பெயரையும் விட மாட்டார். எங்கள் பக்கத்து விஷயம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளுக்குக் கதவிலக்கம் கிடையாது. தெருப் பெயர் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன், ஊர், அவ்வளவுதான் விலாசம். ஒரு டிவிசனில் எத்தனை குடும்பம் இருந்தாலும் அத்தனை பேரின் அடையாள அட்டையிலும் ஒரே விலாசம், எழுத்துப் பிசகாமல். கடிதம் வந்தால் தோட்டத்து ஒபிஸில் கிடக்கும். "வீட்டுக்கு நம்பர் இல்லாத சனத்துக்குப் பேரு ஒன்னுதான் தனி" என்று அக்கா அடிக்கடி சொல்வார். சும்மா அடுக்குமொழி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சாவு வீட்டில் போய் நின்று இனிஷியல் கேட்பார். ஒரு தடவை வட்டவளைப் பக்கம் ஒரு மனிதர், "பொணத்த நடுவுல வச்சிக்கிட்டு எழுத்துக் கூட்டச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று கத்திவிட்டார். அக்கா அசையவில்லை. அந்த ஆள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, பிறகு மறுபடியும் கேட்டார். அந்தப் பிடிவாதம் எனக்கே சில நேரம் எரிச்சலாக இருந்திருக்கிறது.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கரண்ட் இல்லாத நாள், கடையில் வேலையும் இல்லை. வெளியே மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொழுந்து மலைக்கு ஆட்களை ஏற்றிப் போன லொறி புரண்டது. மறுநாள் பத்திரிகையில் வந்ததாம். பக்கத்து வீட்டார் கொடுத்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறார். "டீச்சர், இதுல எங்கம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டாராம். டீச்சர் தேடிப் பார்த்துவிட்டு, "பெண் தொழிலாளர் மூவர் பலி" என்ற வரியில் "மூவர்" என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினாராம். இதைச் சொல்லிவிட்டு அக்கா என்னிடம் தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

இனி அந்தத் திருவிழாவுக்கு வருகிறேன். தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். விலாசம் எழுதினால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டேன்.

அந்தத் தோட்டத்தின் மேல் டிவிசனுக்குத் தேர் ஏறி லயத்து வாசலுக்கு வந்த நேரம். சனம் முழுக்க வெளியே நின்றது. கொழும்பில் செக்கியூரிட்டி வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்த ஒருவன், வேலை இடத்திலிருந்து கொண்டு வந்த ரிப்பீட்டர் துவக்கோடு மேட்டில் நின்று சுட்டான். யாரோடும் அன்றைக்குச் சண்டை இல்லை. பட்டாசு என்றுதான் முதலில் நினைத்தார்களாம். ஐந்து பேர் செத்துப் போனார்கள். அக்கா இருந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொல்கிறேன். தேர்வடம் பிடித்த ஆறுமுகம் மாரிமுத்து. தப்பு அடித்த கருப்பையா லோகநாதன். பெரியசாமி செல்லம்மா. யோகராஜா நிரோஷன். தேங்காய்த் தட்டு ஏந்தி வாசலில் நின்ற சந்தனம் தனுஷியா, உயர்தரப் பரீட்சை எழுத இருந்தவள்.

சுட்டவன் துவக்கோடு மேலே காட்டுக்குள் ஓடிவிட்டான்.

சுடப் போவதற்கு முன்னால் அவன் போனில் ஒரு வீடியோ எடுத்துத் தெரிந்த பொடியன்களுக்கு அனுப்பியிருந்தான். அக்கா அதை ஒரு தடவைதான் பார்த்தார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி சொல்கிறான்: "நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் எம்பேரு வரும், பாருங்கடா."

"அவனுக்கு என்னா வேணும்னு அவனே சொல்லிட்டான்" என்றார் அக்கா. "அதக் குடுக்கற ஆளு நான் இல்ல. அழிச்சிருங்கப்பா இத." அழித்தார்கள்.

தனுஷியாவின் அம்மா மாரியாயி அக்கா கொழுந்து எடுக்கிறவர். சாவு வீட்டில் அவர் அழவில்லை, பேப்பர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"தங்கச்சி, எம்புள்ள பேரு பேப்பர்ல வருமா?"

"வரும்க்கா. முழுசா வரும்."

"அவன் பேரு எம்புள்ள பேருக்குப் பக்கத்துல வரக்கூடாது. அது மட்டும் வரக்கூடாது, சாமி."

"வராதுக்கா. நான் பாத்துக்கறேன்."

இப்படித்தான் வாக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. லயம் லயமாக ஏறி இறங்கி, யார் வந்து கேட்டாலும் அவன் பெயரைச் சொல்லாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டார். டிவிசன் முழுவதும் வாயைக் கட்டிக்கொண்டது. டிவி வான்கள் வந்து நின்றன. மைக்கை நீட்டி, பேர் என்ன என்று சிங்களத்தில், "நம மொகக்த?" என்று கேட்டார்கள். "தன்னே நே, மாத்தயா" என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். தெரியாது என்று சொன்னவர்களில் அவனோடு ஒன்றாகப் படித்தவர்களும் இருந்தார்கள். பொலிஸாரும் விசாரணை முடியட்டும் என்று பெயரை வெளியே விடவில்லை.

செய்தி ஆசிரியர் என் கடைப் போனுக்கே எடுத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"பிள்ளை, ஆள் இன்னும் பிடிபடேல்லை. பேரையும் படத்தையும் போட்டாத்தானே சனம் கவனமா இருக்கும். உமக்குப் பேர் தெரியும்தானே?"

"தெரியும் ஐயா."

"அப்ப சொல்லுமன்."

"சொல்ல மாட்டேன் ஐயா."

"ஆர் செய்தது எண்டு இல்லாமல் என்னெண்டு செய்தி போடுறது? ஆர் எண்ட கேள்விதானே முதல் கேள்வி?"

"யாருங்கறதுக்குத்தான் அஞ்சு பேரு அனுப்பிருக்கேன் ஐயா. முழுப்பேரு."

அவர் பெருமூச்சு விட்டு வைத்துவிட்டார். மறுநாள் பத்திரிகையில் ஐந்து பெயர்களும் பெரிய எழுத்தில், தகப்பன் பெயரோடு வந்தன. சுட்டவனைப் பற்றி, இன்ன தோட்டம் மேல் டிவிசனைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தலைமறைவு என்று ஒரு வரி. அக்கா கடைக்குள் வந்து அதை உரக்க வாசித்தார். தனுஷியாவின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். அவர் வாழ்க்கையில் ஜெயித்த நாள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அன்று பின்னேரம் வரைக்கும் ஜெயித்தார்.

அதே டிவிசனில் விக்னேஸ்வரன் என்று ஒரு பொடியன், விக்கி. புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. திருவிழாவுக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நாலைந்து பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தான். செய்தியைப் பார்த்த வீட்டுக்காரன் எல்லோருடைய அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்திருக்கிறான். விக்கியின் அட்டையில் டிவியில் சொன்ன அதே தோட்டம், அதே டிவிசன். தலைமறைவான இளைஞன் யார் என்று கொழும்பில் ஒருவருக்கும் தெரியாது. முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. விலாசம் மட்டும் தெரியும். வீட்டுக்காரன் தெருவில் நின்று கத்தினான். தெரு முழுக்கக் கூடிவிட்டது.

செய்தி கேட்டு அக்கா கிடைத்த முதல் ரயிலில் கொழும்புக்குப் போனார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் தலை முழுக்கக் கட்டோடு கிடந்தானாம். இடது காது இனிக் கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். அவன் சொன்னதை அக்கா எனக்குப் பிறகு அப்படியே சொன்னார்.

"எம்பேரு விக்னேஸ்வரன், விக்னேஸ்வரன்னு கத்துனேங்க்கா. அவங்களுக்கு அவன் பேரு தெரியாதுல்ல. அதனால என் பேரையே அவன் பேருன்னு நெனச்சு அடிச்சாங்க." பிறகு கேட்காத காதின் பக்கம் கையை வைத்துக்கொண்டு சொன்னானாம்: "நீங்க அவன் பேரப் போட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."

திட்டவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். அதுதான் அக்காவால் தாங்க முடியவில்லை. விக்கியின் அம்மா, ஊரெல்லாம் வாயை மூடிக்கொண்ட அந்த லயத்தில், அவர்களில் ஒருத்தியாக வாயை மூடிக்கொண்டு இருந்தவள்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மா சொல்கிறோம். அன்று அக்கா இருந்த நிலைமை அதுதான். மேல் டிவிசன் பொடியன்கள் கொழும்பில், கண்டியில், நீர்கொழும்பில் என்று எங்கெங்கோ வேலையில் இருந்தார்கள். எல்லோருடைய சட்டைப் பையிலும் அதே விலாசம் இருந்தது. இன்னும் ஒரு நாள் பெயரை மறைத்தால் அடுத்தது யார்? பெயரைக் கொடுத்தால் மாரியாயி அக்காவுக்கு என்ன பதில்? காட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அவன் கேட்டதைத் தட்டில் வைத்துக் கொடுத்ததாக ஆகாதா?

ஆஸ்பத்திரி நடையில் நின்றே செய்தி ஆசிரியருக்குப் போன் போட்டிருக்கிறார். பிறகு எனக்கு எடுத்தார். குரல் அவருடைய குரல் மாதிரியே இல்லை. ஐந்து பேரின் படங்களும் என் கணினியில் இருந்தன. அவற்றோடு, யாருக்கும் கொடுக்காமல் அங்கேயே போட்டு வைத்திருந்த அவன் படத்தையும் அனுப்பச் சொன்னார். பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார், தகப்பன் பெயரோடு. நான் அடித்தேன்.

"ஐயாகிட்டச் சொல்லிட்டேன். அவன் படம் முத்திர அளவு இருந்தாப் போதும், எங்கேயாவது மூலையில. அஞ்சு பேரு படமும் பெருசா வரணும். ஈமெயில்லயும் அத எழுதுங்க."

எழுதினேன். "முயற்சி செய்யிறன்" என்றாராம் ஆசிரியர். அவர் முயற்சி செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் முதல் பக்கத்தில் பாதிக்கு அவன் இருந்தான். செக்கியூரிட்டி உடுப்போடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. தலைப்பில் அவன் பெயர், சிவப்பில். செத்தவர்கள் ஐந்து பேரும் இரண்டாம் பக்கத்தில் வரிசையாக இருந்தார்கள். ஹட்டனில் காலையிலேயே பேப்பர் முடிந்துவிட்டது. நான் கடன் சொல்லி வாங்குகிற கடையில்கூட எனக்கு ஒன்று மிஞ்சவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. அந்தப் படத்தால்தான் அவன் பிடிபட்டான். நானுஓயா ஸ்டேஷனில் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருவர், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றவனைப் பேப்பரோடு ஒத்துப் பார்த்துவிட்டு மெதுவாகப் போய்ப் பொலிஸில் சொல்லிவிட்டார். துவக்கு அவன் பையில் கழற்றி வைத்தபடி இருந்ததாம். பெயரும் படமும் வராமல் இருந்திருந்தால் அவன் அடுத்த ரயில் ஏறியிருப்பான். அதையும் யார் மறுக்க முடியும்? கைவிலங்கோடு ஜீப்பில் ஏற்றும்போது கமராக்கள் சூழ்ந்தன. அவன் விலங்கு போட்ட கைகளாலேயே முடியைக் கோதிவிட்டுக்கொண்டான்.

அதன் பிறகு அவன் பெயருக்குக் கால் முளைத்துவிட்டது. அவன் படித்த பள்ளி, அவன் காதலித்த பெண், அவனுக்குப் பிடித்த சாப்பாடு என்று நாள்தோறும் வந்தது. அக்காவிடம்தான் முதலில் கேட்டார்கள். மாட்டேன் என்றார், வேறு யாரோ எழுதினார்கள். பொடியன்கள் அவன் வீடியோவைப் பாட்டோடு போட்டார்கள். அழித்தது எப்படித் திரும்பி வந்தது என்று தெரியவில்லை. ஒரு ஆட்டோவின் பின் கண்ணாடியில் அவன் பெயரை நான் என் கண்ணால் பார்த்தேன். என் கடைக்கே ஒருவன் வந்து அவன் படத்தைக் கலர் பிரிண்ட் கேட்டான். மெஷின் பழுது என்றேன். பக்கத்துக் கடையில் எடுத்திருப்பான். செத்த ஐந்து பேரின் பெயரைச் சொல் பார்ப்போம் என்று அவனிடம் கேட்க நினைத்தேன். மேல் டிவிசனுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

பேர் போட வேண்டுமா, போடக் கூடாதா என்று இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. போடாததால் ஒருவன் செவிடானான். போட்டதால் ஒருவன் நாயகனானான். இரண்டையும் ஒரே மனுஷியின் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

அக்கா கடைக்கு வருவார், ஸ்டூலில் உட்காருவார், பிளேன்டீ கேட்க மாட்டார். ஒருநாள் என்னோடு பஸ்ஸில் வந்தார். கண்டக்டர் புதுப் பொடியன். டிக்கட் கொடுத்தான், வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவன் பெயரைக் கேட்கவில்லை. 

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியாயி அக்கா ஆள் அனுப்பினார். "நான் தனியாப் போக மாட்டேன், வாங்க" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார் அக்கா. லயத்து வீட்டில் மாரியாயி அக்கா கோதுமைமாப் பசை காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி வைத்திருந்தார். பக்கத்தில் கத்தரிக்கோலும், மடித்து வைத்திருந்த அந்தப் பேப்பரும். சாமி படங்களுக்குப் பக்கத்தில் சுவரைத் துடைத்து இடம் ஒதுக்கியிருந்தார்.

"எம்புள்ள படத்த வெட்டி ஒட்டணும் தங்கச்சி. எழுத்து வெட்டுப்படாம எனக்கு வெட்ட வராது. நீ வெட்டு."

அக்கா பேப்பரை விரித்தார். இரண்டாம் பக்கத்தில் தனுஷியா, வெள்ளைச் சீருடையில், ரெட்டைப் பின்னலோடு. கீழே சந்தனம் தனுஷியா என்று பெயர். அக்கா தாளைத் திருப்பினார். தனுஷியாவுக்கு நேர் பின்னால் அவன் முகம் இருந்தது. சரியாக நெற்றியும் கண்ணும். அவளை வெட்டினால் அவனும் சேர்ந்து வருவான்.

நான் அவசரமாகச் சொன்னேன், "இந்தப் படம் எங்கிட்ட கம்பியூட்டர்ல இருக்குக்கா. பெருசா கலர்ல அடிச்சுக் கண்ணாடி போட்டே தர்றேன். இது வேணாம்."

"அது போட்டோ, புள்ள. போட்டோ எங்கிட்டயும் இருக்கு. இது பேப்பரு. நாலு ஊரு சனம் பாத்தது." மாரியாயி அக்கா பேப்பர் அக்காவைப் பார்த்தார். "பேப்பர்ல பேரு வந்தாத்தான் அவங்க இருந்தாங்கன்னு ஊருக்குத் தெரியும்னு நீதானே தங்கச்சி எல்லாருக்கும் சொல்லுவ?"

அக்கா வெட்டினார். மிக மெதுவாக, பெயரில் ஓர் எழுத்தும் போகாமல். வெட்டிய துண்டைத் திருப்பி முழங்காலில் வைத்தார். பசையை விரலால் எடுத்து அவன் கண்மேல், நெற்றிமேல், மூக்குமேல் தடவினார். ஒரு மூலை விடாமல் தடவினார். பிறகு சுவரில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். தனுஷியா எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

மாரியாயி அக்கா கிட்டப் போய்ப் படத்தின் ஓரத்தைத் தொட்டார்.

"பின்னாடி அவன் இருக்கான்ல?"

அக்கா விரலில் ஒட்டிய பசையைத் துடைத்தார்.

"எம்புள்ளைக்குப் பக்கத்துல வராதுன்னியே தங்கச்சி."

 அன்று இறங்கி வந்த பிறகு அக்கா செய்தி அனுப்பவில்லை. கொழும்பிலிருந்து ஆசிரியர் பல தடவை எடுத்தார். வேறு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா என்னைச் சொல்லச் சொன்னார்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது மழைக் காலத்தில். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகப் பதிந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனேன். மேல் டிவிசனில் மாரியாயி அக்கா வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். ஏறிப் போனேன். எங்கள் பக்கத்தில் அடைமழை பிடித்தால் லயத்துச் சுவர் உள்ளேயும் நனையும், கை வைத்தால் தண்ணீர் ஒட்டும். கதவு திறந்திருந்தது. மாரியாயி அக்கா மலைக்குப் போயிருந்தார். பேப்பர் அக்கா அடுப்பங்கரையில் குந்தியிருந்து ஒரு துணியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுந்து சுவர்ப் பக்கம் போனார்.

தாள் ஈரத்தில் ஊறிப் பின்பக்கத்து மை முன்னால் வந்திருந்தது. தனுஷியாவின் முகத்துக்குள் இன்னொரு முகம் தெரிந்தது. அவள் கன்னத்தில் அவன் கண். அவள் பெயருக்குக் குறுக்கே சிவப்பாக அவன் பெயரின் கடைசி எழுத்துகள். அக்கா சூட்டுத் துணியை அதன் மேல் வைத்து ஒற்றினார். அடுப்புக்குப் போனார், சூடாக்கினார், வந்து மறுபடியும் ஒற்றினார்.

"என்னாக்கா செய்றீங்க? எத்தன நாளைக்கு இப்பிடி?"

"காஞ்சா மறஞ்சிரும் புள்ள. அவங்க மலையில இருந்து வாறதுக்குள்ள காஞ்சிரணும்" என்றார்.

என் முழுப்பெயர் அவருக்கு மறந்திருக்காது. ஆனால் சொல்லவில்லை. வெளியே மழை விடவே இல்லை.